பெயரின் முதல் எழுத்தும் அரிசி வாங்கிய கிழமையும்

காத்ர் போர்னிலிருந்து:

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அரசு போட்ட கட்டுப்பாடுகள் தேவையானவையா, அல்லது மனிதனின் சுதந்திரத்தில் தேவைக்கு மேல் கைவைத்தவையா என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. மொரீஷியஸில் அந்த நாட்களைக் கழித்தவர்கள் தம் அனுபவத்தை எழுதினால் நன்றாக இருக்கும் என்பதால் நானே தொடங்குகிறேன்.

என் தாத்தாவும் அவருடைய தம்பியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் பிறப்பைப் பதிந்த எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதால், சின்னசாமி என்ற ஒரே குடும்பப் பெயர் தாத்தாவின் பதிவில் ஆங்கில 'எஸ்' (S) எழுத்திலும், சின்னத் தாத்தாவின் பதிவில் ஆங்கில 'சி' (C) எழுத்திலும் தொடங்குகிறது. கலியாணப் பத்திரிகை அச்சடிக்கும்போது மட்டும் சிரித்துவிட்டு மறந்துபோகும் விஷயமாகத்தான் அது எங்களுக்கு இருந்தது. 2020 ஏப்ரலில், யார் என்றைக்கு அரிசி வாங்கலாம் என்பதையே அது தீர்மானித்தது. ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும், ஓ முதல் இசட் வரை புதனும் சனியும் என்று கிழமைகள் பிரிக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஒருவர், முகக்கவசத்தோடு, கையில் அடையாள அட்டையோடு வர வேண்டும். சூப்பர்மார்க்கெட்டுகள் மீண்டும் திறந்த ஏப்ரல் 2 வியாழக்கிழமை. ஆகவே சின்னத் தாத்தாவின் மகனான பக்கத்து வீட்டுச் சித்தப்பா முதல் நாளே வரிசையில் நின்றார், நாங்கள் சனிக்கிழமைவரை காத்திருந்தோம். அந்த வியாழன் மாலையே அவர் தமக்குக் கிடைத்த அரிசியில் சரிபாதியைச் சொம்பால் அளந்து, மதில்மேல் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று, "எடுத்துக்கோம்மா, சனிக்கிழமை திருப்பிக் கொடு" என்றார்.

இந்த எழுத்து வரிசையை நான் குறை சொல்ல மாட்டேன். என் மனக்குறை அதற்கு முந்திய நாட்களைப் பற்றியது. மார்ச் 18 அன்று முதல் மூன்று நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள். 20 முதல் ஊரடங்கு. 24 அன்று சூப்பர்மார்க்கெட், ரொட்டிக்கடை, தெருமுனைக் கடை எல்லாம் மூடப்பட்டன. என் கணவர் கொத்தனார், வாரக் கூலிக்காரர். தெருமுனைக் கடையில் கார்னே என்ற கடன் நோட்டில் கணக்கெழுதி வாங்கி மாதக் கடைசியில் அடைப்பதுதான் எங்கள் வழக்கம். எங்களைப் போன்றவர்களுக்குக் கடை மூடியது என்றால் கடன் கிடைக்கும் வாசலும் மூடியது என்று பொருள். சமூகப் பதிவேட்டில் இருந்த குடும்பங்களுக்கு அரசு உணவுப் பொட்டலம் கொடுத்தது, அதை மறுக்கவில்லை. அந்தப் பதிவேட்டில் சேரும் அளவுக்கு ஏழையும் இல்லாமல், பத்து நாள் சாமானை வாங்கி அடுக்கும் அளவுக்கு வசதியும் இல்லாமல் நடுவில் நின்றவர்கள் எத்தனை பேர்! கொல்லையில் ஒரு முருங்கை மரம் நின்றது. ப்ரெத் முரும் என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் நம் பெயரையே சுமக்கும் அந்தக் கீரைதான் ஆறு நாள் எங்கள் கறி. குளிர்பெட்டி நிறைய இறைச்சி வைத்திருந்தவர்கள் "கொஞ்சம் பொறுமை வேண்டும்" என்று வானொலியில் பேசியதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாக ஆறவில்லை.

ரோஸ் ஹில்லிலிருந்து:

அக்கா, நான் அந்த மதிலுக்கு மறுபக்கம் நின்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு சூப்பர்மார்க்கெட்டின் வாசலில் அடையாள அட்டை பார்க்கும் வேலை எனக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை, அறுபதைக் கடந்த ஓர் அம்மா வந்தார். கணவர் குடும்பத்தின் பெயர் ஜி எழுத்து. அட்டையிலோ பிறந்த வீட்டுப் பெயர், ஆர் எழுத்து. "தம்பி, நாற்பது வருஷமா அந்த வீட்டுக்குத்தான் சமைக்கிறேன், அட்டையிலே மட்டும் அப்பா பேரு" என்றார். நான் உள்ளே விடவில்லை. மறுநாள் புதன்கிழமை மூன்று மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனார். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆனாலும் அந்த விதியின் பக்கம் நின்றுதான் பேசுவேன். அந்த வாரங்களில், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எத்தனை தொலைபேசி அழைப்புகள் வந்தன தெரியுமா? விதி கொஞ்சம் வளைந்துகொடுப்பதாக இருந்திருந்தால் அது முதலில் அவர்களுக்குத்தான் வளைந்திருக்கும், அந்த அம்மாவுக்கு அல்ல. "எழுத்து ஒத்துவரவில்லை, மிஸ்யே (ஐயா)" என்று என்னைப் போன்ற கடைநிலை ஊழியன் ஒரு பெரிய மனிதரிடம் சொல்ல முடிந்தது அந்த ஒரு முறைதான். சுதந்திரம் பறிபோகிறது என்று என்னிடம் சத்தம் போட்டவர்களில் பெரும்பாலோர் இதற்கு முன் எங்கும் வரிசையில் நின்று பழக்கமில்லாதவர்கள்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. அந்த மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தனிமைப்படுத்தல் சட்டம் காவல்துறைக்குக் கொடுத்த அதிகாரங்களைப் படித்தபோது, வரிசை முடிந்த பிறகும் இந்தச் சட்டம் இருக்குமே என்றுதான் தோன்றியது.

போ பாசனிலிருந்து:

நான் அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தீவு தன் விமான நிலையத்தை மூடியது. சில நாட்களில் இந்தியாவும் முடங்கியது. விடுதியில் என்னோடு இருந்தவர்கள் மாவட்டம் மாவட்டமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு ஊர் கடலுக்கு அப்பால். மொரீஷியஸ் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மொரீஷியஸுக்கு எப்போது போகலாம் என்று மின்னஞ்சல்மேல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். கதவடைப்பு பலன் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: முதல் அலையில் நாட்டில் இறந்தவர்கள் 10 பேர். என் பாட்டி உயிரோடு இருப்பதற்கும் அது காரணமாக இருக்கலாம். ஆனால் வாசலில் நின்ற அண்ணா அந்த அம்மாவிடம் "நாளைக்கு வாங்க" என்றாவது சொல்ல முடிந்தது. எங்களுக்கு அப்படி ஒரு கிழமையை ஒருவரும் சொல்லவில்லை. நெடுநாள் கழித்து ஒரு சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்தது. இறங்கியதும் 14 நாள் விடுதி அறை. கதவுக்கு வெளியே நாற்காலியில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். அந்த 14 நாளும் எனக்குப் பாரமாக இல்லை, முடியும் தேதி தெரிந்திருந்ததால்.

மீண்டும் காத்ர் போர்னிலிருந்து:

இவர்கள் இருவரும் எழுதியதைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாசல் வேலைக்காரத் தம்பியிடம் தமக்குக் கோபமில்லை, ஆனால் அந்த அம்மாவை உள்ளே விட்டிருக்கலாம் என்கிறார். 2021 மார்ச் 10 அன்று இரண்டாம் முடக்கம் வந்து எழுத்து வரிசை திரும்பியபோது, நாங்கள் முன்கூட்டியே பத்துக் கிலோ அரிசியைத் தகர டின்னில் போட்டு வைத்திருந்தோம். அந்த டின் இன்றும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பாதிக்குக் கீழே இறங்க என் கணவர் விடுவதில்லை.