குன்னூர் வீட்டுக் குழு, வெள்ளிக்கிழமை

ரவி மாப்பிள்ளை, காலை 6.10: அத்தை 5 மணிக்குப் போய்விட்டார். தூக்கத்திலேயே.

பார்வதி சித்தி: ஐயோ அண்ணி. நேற்று இரவுகூடக் காப்பி கேட்டாரே.

பெரிய மாமா: மாலை 4 மணிக்குள் எடுத்துவிடுங்கள். நாளை சனி. சனிப் பிணம் தனிப் போகாது.

கலா: செந்தில் வர வேண்டும், மாமா.

பெரிய மாமா: ஆக்லாந்திலிருந்தா? நாலு நாள் ஆகும்.

வேலு சித்தப்பா: ஆகாது, மச்சான். கணக்குச் சொல்கிறேன். ஆக்லாந்துக்கும் கோயம்புத்தூருக்கும் வானத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 11,400 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூரில் மாறினால் முதலில் 8,400, பிறகு 3,150. சுற்று வெறும் 150 கிலோமீட்டர்தான். துபாய் வழியென்றால் 14,000க்கு மேல் பறந்துபோய், மறுபடி நம் பக்கம் திரும்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

ரவி மாப்பிள்ளை: எத்தனை மணி நேரம், சித்தப்பா?

வேலு சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன். சிங்கப்பூருக்கு 11 மணி நேரம். அவன் திரும்பிப் போகும்போது கொஞ்சம் குறையும். அந்தத் தென்கோடியில் மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது. சிங்கப்பூர்–கோவை நாலரை. அங்கே கடிகாரம் இந்த ஜூலையில் நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால்...

பார்வதி சித்தி: பர்லியாறில் மரம் விழுந்ததாமே?

ரவி மாப்பிள்ளை: அது நேற்று. வெட்டிவிட்டார்கள். இப்போது படிக்கட்டில் காட்டெருமை நிற்கிறது. பந்தல்காரர் வண்டியைவிட்டு இறங்க மறுக்கிறார்.

பார்வதி சித்தி: ஒற்றைக் கொம்பு உடைந்த எருமையா? அண்ணி அதற்குத்தான் முட்டைக்கோஸ் இலை போடுவார்.

செந்தில், 9.50: டிக்கெட் கிடைத்தது. நமக்கு இன்று மாலை ஆறரைக்குக் கிளம்புகிறேன். சிங்கப்பூரில் பதினொன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கோவைக்கு நாளை இரவு ஒன்பதரை.

வேலு சித்தப்பா: பார்த்தீர்களா, 8,400 கிலோமீட்டர் பறக்கும் நேரத்தைவிட உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம்! மேட்டுப்பாளையத்தில் தங்கினால் ஞாயிறு காலை 7.10க்கு மலை ரயில்...

பார்வதி சித்தி: பெற்றவளைப் பார்க்க மலை ரயிலிலா வருவான்? உங்களுக்கு வேறு வேலை இல்லையா?

ரவி மாப்பிள்ளை: நான் காரோடு போகிறேன். 70 கிலோமீட்டர். மழையானாலும் நள்ளிரவுக்குள் வந்துவிடலாம்.

பெரிய மாமா: அப்படியானால் ஞாயிறு. மகன் கொள்ளி வைப்பதுதான் முறை.

கலா: 2011இல் அப்பாவுக்கு நான் சென்னையிலிருந்து ஓர் இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மேட்டுப்பாளையம் வரும்போதே எடுத்துவிட்டோம் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அது எத்தனை கிலோமீட்டர், சித்தப்பா?

கலா: கேட்டுவைத்தேன். அவ்வளவுதான்.

பெரிய மாமா, 10.40: ஃப்ரீசர் பெட்டிக்கு முன்பணம் யார் கொடுத்தது?

ரவி மாப்பிள்ளை: நான். கிரைண்டர் பிளக்கில்தான் செருகியிருக்கிறோம், மற்றது தாங்கவில்லை. யாரும் கிரைண்டர் போட அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கலா: அம்மாவின் மெரூன் கம்பளித் தொப்பி எங்கே?

பார்வதி சித்தி: கொடியில். இன்னும் ஈரம். அடுப்புப் பக்கம் போட்டிருக்கிறேன்.

செந்தில்: அக்கா, காத்திருப்பீர்கள்தானே?

ரவி மாப்பிள்ளை: பந்தல்காரரிடம் ஞாயிறு பத்து மணி என்று சொல்லிவிட்டேன்.

பெரிய மாமா: பத்து மணிக்கு என்று யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்?