மீன் தப்பியது லூராலா, ராடாலா? பாஸ் தூண்டில்காரர்களின் அனுபவங்கள்

கரையோரம்:

மூன்று வாரமாக மனசு ஆறவில்லை, இங்கே கொட்டிவிடுகிறேன். இதே மாதிரி அடிபட்டவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

கிராங்க்பெயிட் என்ற லூரை (மீன் மாதிரி செய்த பொய் இரை) ராடில் (தூண்டில் கோல்) கட்டி, பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கக் கிளம்பினேன். அந்த லூரின் மூக்கில் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும்போது அது தண்ணீரை வெட்டி லூரைக் கீழே இறக்கும். நாக்கு நீளமென்றால் ஆழத்தில் ஓடும், குட்டையென்றால் மேலாகவே ஓடும். ஆழத்துக்கு ஏற்ற நாக்கு, அங்கே திரியும் சின்ன மீனின் நிறம், எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்துப் போனேன். காலையிலிருந்து நாலு மீன் கொத்தியது. நாலும் மேலே துள்ளி, தலையை உதறி, லூரை என் பக்கமே துப்பிவிட்டுப் போயின. கடைசி மீன் கரைக்கு இரண்டு முழம் தூரத்தில்.

முதலில் முள்ளைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். அடுத்த வாரம் நிறத்தைச் சந்தேகப்பட்டேன், ஆறு லூர் வாங்கினேன். பெட்டி நிறைந்தது, கை நிறையவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர்தான் ராடைக் கையில் வாங்கி நுனியைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். மேலே ஒரு சாண் மட்டும் வளைந்தது. அதற்குக் கீழே இரும்புக் கம்பி மாதிரி நின்றது. "தம்பி, இது ஜிக், அதான் ஈயத்தலை வச்ச ஒத்தை முள் லூர், போடுற கோல். இதுல போய் கொத்து முள்ளைக் கட்டியிருக்கியே" என்றார்.

கிராங்க்பெயிட்டில் தொங்குவது மும்முனைக் கொத்து முள், மெல்லிய கம்பி. மீனின் வாயில் ஆழமாகக் குத்தாது, உதட்டுத் தோலைக் கொஞ்சமாகக் கவ்வியிருக்கும். ராடு விறைப்பாக இருந்தால், மீன் லூரை முழுசாக வாயில் வாங்கும் முன்பே நாம் பிடுங்கிவிடுகிறோம். அப்படியும் மாட்டினால், அது துள்ளும்போது முள் தோலைக் கிழித்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். நான் கட்டியிருந்ததோ கிட்டத்தட்ட நீளவே நீளாத பிரெய்டு, அதாவது இழை பின்னிய நரம்பு. நீளாத நரம்பும் வளையாத ராடும் சேர்ந்தால் மீன் உதறும் உதறல் அப்படியே முள்ளின் மேல்தான் விழும்.

பாதி உயரம் வரை வளைகிற பழைய ஃபைபர்கிளாஸ் ராடு ஒன்றைக் கேட்டு வாங்கி, கொஞ்சம் நீளும் ஃப்ளூரோகார்பன் நரம்பு சுற்றி, அடுத்த ஞாயிறு போனேன். முள் ஏறட்டும் என்று ராடை வெடுக்கென்று வெட்டி இழுக்கவில்லை. மீன் கொத்தியதும் ராடைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு ரீலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஐந்து கொத்து, நாலு மீன் கைக்கு வந்தது. அதே லூர், அதே முள்!

ராடு வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லாத ஒன்று: பவர் வேறு, ஆக்‌ஷன் வேறு. வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடு வரை வந்தால் மாடரேட். மீடியம் ஹெவி என்ற பவர் எழுத்தை மட்டும் பார்த்து வாங்கியவன் நான்.

தவளைப் பைத்தியம்:

என் கதை இதற்கு நேர் தலைகீழ். அல்லி இலைக்கு மேல் ரப்பர் தவளையைத் தத்தவிட்டுப் பிடிப்பதுதான் எனக்கு உயிர். இலைக்கு அடியிலிருந்து பாஸ் வெடித்துக் கிளம்பும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம், மீன் வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் எனக்கு நிஜமாகவே வரவில்லை. ஒரு பருவம் முழுக்க வெறும் சத்தம்தான்.

நான் வைத்திருந்தது மீடியம் ராடு, பத்து பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு. தவளைக்குள் இருக்கும் முள் தடித்த இரட்டை முள். அது தவளையின் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால்தான் பாசியில் மாட்டாமல் வழுக்கி வருகிறது. மீன் கடிக்கும்போது ரப்பர் உடம்பு நசுங்கவேண்டும், முள் வெளியே வரவேண்டும், தாடை எலும்பில் ஏறவேண்டும். இவ்வளவு வேலைக்கும் என் ராடு வில்லாக வளைந்து கும்பிடு போட்டது. தப்பித் தவறி ஏறிய ஒன்றிரண்டும் நேரே தண்டுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டன. ஒரு தடவை அரை மணி நேரம் இழுத்து, கடைசியில் வந்தது ஒரு கூடை பாசி.

இப்போது 7 அடி 3 அங்குல ஹெவி ராடு, 50 பவுண்டு பிரெய்டு. அடர்ந்த இடமென்றால் 65. மீன் கடித்ததும் தலையை மேலே தூக்கி, இலைமேலேயே சறுக்கிக்கொண்டு வந்துவிடுவேன். பிரெய்டு தண்ணீரில் மிதக்கும் என்பதும் தவளைக்குச் சாதகம். ஃப்ளூரோகார்பன் மூழ்குகிற நரம்பு, தவளையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும்.

ராடை மாற்றியும் ஒரு வியாதி போகவில்லை. தண்ணீர் தெறித்ததைக் கண்டதும் கை தானாக வெட்டிவிடும், தவளை பறந்து முகத்துக்கு வரும். கண்ணை நம்பக்கூடாது. ராடில் கனம் தெரிந்த பிறகுதான் வெட்டவேண்டும். சொல்வது சுலபம். பத்து வருஷமாகியும் நாலில் ஒன்றை இன்னும் அவசரப்பட்டு விடுகிறேன்.

ஒற்றைக்கோல்:

எட்டு ராடு சுமந்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு. 7 அடி ஸ்பின்னிங் ராடு ஒன்று, ஒரு பாக்கெட் ரப்பர் புழு. முடிந்தது விஷயம். நிக் க்ரீம் என்பவர் 1949-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் பிளாஸ்டிக் புழு செய்தார். அதற்குப் பிறகு எத்தனையோ லூர் வந்தாலும் புழுவை எதுவும் விரட்டவில்லையே.

ஐந்து அங்குலப் புழு. முள்ளை நடுவில் குத்தி, ஈயமே இல்லாமல் வீசுங்கள். இரண்டு முனையும் சிலிர்த்துக்கொண்டு மெதுவாக இறங்கும். நீங்கள் ஒன்றுமே செய்யவேண்டாம். இறங்கும்போதுதான் மீன் எடுக்கும். கையில் ஒன்றும் தெரியாது, தண்ணீர் மேல் கிடக்கும் நரம்பு பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். நான் புதிதாக வந்த காலத்தில் அதைக் காற்று என்று நினைத்து எத்தனை மீனை விட்டேனோ.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இதே ராடில் டெக்சஸ் ரிக் கட்டி, முனை கூர்ந்த ஈயத்தை முன்னால் விட்டு, முள்முனையைப் புழுவுக்குள்ளேயே மறைத்து, மூழ்கிக் கிடந்த மரக்கிளைக்குள் போட்டேன். கடித்தது பெரிய மீன். முள் முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வந்து, அதன் பிறகு தாடையில் ஏறவேண்டும். ஏறவில்லை. புழுவை மட்டும் உருவிக் கொடுத்துவிட்டுப் போனது. எனவே ஒரே ராடுதான் வாங்குவேன் என்கிறவருக்கு மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் என்று சொல்வேன். என் பெயரை மாற்றச் சொல்லாதீர்கள்.

குருவிக்கூடு:

பேர் வந்த கதையே என் அனுபவம். பெயிட்காஸ்டர் ரீல் (வீசும்போது நரம்பு சுத்தின உருளை, அதான் ஸ்பூல், தானே சுத்துற வகை) வாங்கின முதல் நாள், நாலு கிராம் லூரைக் கட்டி, எதிர்க்காத்துல ஒரு வீசு வீசினேன். லூர் பத்தடி போய் நின்னுடுச்சு. ஸ்பூல் நிக்கல, அது பாட்டுக்குச் சுத்துது. அதிலிருந்து வந்த நரம்பு குருவி கூடு கட்டின மாதிரி ஆயிடுச்சு. பொழுது சாயிற வரைக்கும் சிக்கெடுத்தேன், கடைசியில கத்தரிக்கோல்.

கனமான லூர்தான் அந்த ஸ்பூலை இழுத்துச் சுத்தும். ராடு கைப்பிடிக்கு மேலயே எழுதியிருக்கும், கால் அவுன்சிலிருந்து முக்கால் அவுன்ஸ்னு. ஏழு கிராம்லேர்ந்து இருபத்தொண்ணு. அதுக்குக் கீழ இருக்கிறதை நான் இப்போ வீசும்போது ஸ்பூல் சுத்தாத ஸ்பின்னிங் ரீல்லதான் போடுறேன். பெயிட்காஸ்டர்ல லூரை மாத்தினா ஸ்பூல் திருகையும் மாத்தணும். லூரைத் தொங்கவிட்டு ஸ்பூலை விடுங்க. மெதுவா இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிக்கணும். பிரேக்கை முதல்ல கூட்டியே வையுங்க, பெருவிரல் பழகப் பழகக் குறைச்சுக்கலாம். எனக்குப் பழக ஒரு மாசம் ஆச்சு, நரம்பு மூணு சுருள் போச்சு.

கலங்கல்தண்ணி:

ராடு பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், நான் நிறத்துக்கு வருகிறேன். மழைக்கு மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் தெளிந்த தண்ணீரில் நன்றாக ஓடிய பச்சைப் பூசணி நிறப் புழுக்கள். மூன்று மணி நேரம் ஒரு அசைவும் இல்லை. மகள் சலித்துப்போய், பெட்டியின் அடியில் கிடந்த பளீர் மஞ்சள்பச்சை ஸ்பின்னர்பெயிட்டை (தகடு சுழலும் லூர்) எடுத்துக் கட்டச் சொன்னாள். "அது பாக்க நல்லா இருக்கு" என்பதுதான் அவள் சொன்ன காரணம். மூன்றாவது வீச்சில் மீன்!

அவள் எடுத்ததில் இருந்தது வட்டமான கொலராடோ தகடு. அது சுழலும்போது ராடு நுனிவரை துடிக்கும். பாஸின் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்புக்கு அந்த அதிர்வு தெரியும். கண் தெரியாத தண்ணீரில் அது அதிர்வைக் கொண்டு தேடி வருகிறது. தெளிந்த தண்ணீரில் இலை மாதிரி ஒடுங்கிய வில்லோ தகடு நல்லது, அதிர்வு குறைவு, மினுக்கல் அதிகம். கலங்கலுக்கு ஜிக் என்றால் கறுப்பும் நீலமும் கலந்தது. நான் நிறத்துக்கு இதற்கு மேல் யோசிப்பதில்லை. கடையில் தொங்கும் அறுபது நிறமும் முதலில் பிடிப்பது நம்மைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம், தண்ணீர் 8 டிகிரி. ஜெர்க்பெயிட்டை, அதாவது வெடுக் வெடுக்கென்று இழுத்து ஓட்டும் மீன் வடிவ லூரை, இழுத்து இழுத்து ஓய்ந்துவிட்டேன். கையுறையைச் சரிசெய்ய ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன், பதினைந்து விநாடி லூர் அப்படியே நின்றிருக்கும். அப்போதுதான் எடுத்தது. குளிர்ந்த தண்ணீரில் பாஸுக்குத் துரத்த உடம்பில் தெம்பு இருக்காது, நின்றுகொண்டிருப்பதைத்தான் எடுக்கும். அன்றிலிருந்து குளிரில் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை மனசுக்குள் பத்து எண்ணுகிறேன்.

ஒற்றைக்கோல்:

நிறத்துக்கு அறுபது, ராடுக்கு எட்டு என்கிறவர்களுக்காக ஒரு தகவல். ஜார்ஜ் பெர்ரி 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடித்த உலக சாதனை பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். பிடித்தது க்ரீக் சப் நிறுவனத்தின் லூரில். அந்தக் காலத்தில் கிராஃபைட் ராடும் இல்லை, ஃப்ளூரோகார்பனும் இல்லை. 77 வருஷம் கழித்து, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிடா பிடித்தது அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் கூடுதல். இரண்டு அவுன்ஸ் கூடினால்தான் பழைய சாதனை உடையும் என்பது விதி, அதனால் இருவருக்கும் சமம் என்று எழுதிவிட்டார்கள்.

கலங்கல்தண்ணி:

குரிடா பிடித்தது லூரில் இல்லை ஐயா, உயிருள்ள புளூகில் மீனை இரையாகக் கட்டி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒற்றைக்கோல்:

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது, விடுங்கள்.

கரையோரம்:

எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று இரண்டு ராடோடு போனேன். பெரியவர் கேலி செய்த அந்த விறைத்த கோலில் கறுப்பு நீல ஜிக், கிளாஸ் ராடில் கிராங்க்பெயிட். ஜிக்கில் இருப்பது ஒற்றைத் தடித்த முள், அதற்கு அந்த விறைப்பு எவ்வளவு பொருத்தம் என்று முதல் மீனிலேயே தெரிந்தது. கை அசைந்தவுடன் ஏறிவிட்டது. மூன்று வாரம் திட்டிய கோலைத் துடைத்து உறையில் போட்டேன்.

மதியம் கிராங்க்பெயிட்டில் ஒரு பெரிய மீன். ராடு அழகாக வளைந்தது, மீன் இரண்டு தடவை துள்ளியும் முள் விடவில்லை. காலடிக்கு வந்துவிட்டது. வலையை எட்டி எடுக்கக் குனிந்தேன், ராடு தாழ்ந்து நரம்பு தொய்ந்தது. ஒரே உதறல். லூர் என் சட்டையில் மாட்டித் தொங்கியது. பெரியவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.