நந்தி மலை சைக்கிள் பயணம்: பையில் எதை வைப்பது?

அல்சூர்வாசி:
ஞாயிறு விடிகாலை பெங்களூரிலிருந்து நந்தி மலைக்குப் போகிறோம், போக மட்டும் சுமார் 60 கி.மீ. புதிதாக வருபவர்கள் ஒரு பட்டறையையே முதுகில் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு ட்யூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், காற்றுக்குப் பதில் நிரப்ப ஒரு சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) குப்பி, போன். இது போதும். ஏதாவது ஆனால் ஆட்டோ பிடிக்கலாம்.

காக்ஸ்டவுன்_அக்கா:
தம்பி, தேவனஹள்ளி தாண்டி விடிகாலை அஞ்சரைக்கு சைக்கிளை ஏத்துற ஆட்டோவை எங்கே தேடுவீங்க? பஞ்சர் கடையும் பூட்டிக் கிடக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் நம்ம ட்யூப்ல இருக்கிற மெல்லிசான ப்ரெஸ்டா வால்வுல நேரா மாட்டாது. சின்னப் பித்தளை அடாப்டர் வேணும், அது உங்க பட்டியல்லயே இல்லை. குப்பி ஒரே தடவைதான். டயருக்குள்ள விரலை விட்டுத் தடவி முள்ளை எடுக்காம புது ட்யூபைப் போட்டா அதுவும் போச்சு, காற்றும் போச்சு. கை பம்ப் தீர்ந்துபோகாது.

அல்சூர்வாசி:
கை பம்பில் 90 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றிப் பாருங்கள் அக்கா, தோள்பட்டை கழன்றுவிடும். 16 கிராம் குப்பி 25 மி.மீ. டயரைச் சில நொடியில் நிரப்பிவிடும்.

காக்ஸ்டவுன்_அக்கா:
வீடு வந்து சேர 90 எதுக்கு? 60 இருந்தா மெதுவா வந்துடலாம். சிஓடூ ட்யூப் ரப்பர் வழியா காற்றைவிட வேகமாக் கசியும், மறுநாள் டயர் தளர்ந்து நிக்கும்.

மலைமிதி:
செயினை ரெண்டு பேரும் மறந்துட்டீங்களே. ஏற்றத்துல எழுந்து நின்னு மிதிக்கும்போதே கியர் மாத்தினா அறுந்துபோக வாய்ப்பு அதிகம். செயின் கட்டர் உள்ள மல்டி டூலும், அறுந்த செயினைத் திரும்ப இணைக்கிற குயிக் லிங்க்கும் கட்டாயம். லிங்க் அவரவர் செயினுக்கு ஏத்ததா இருக்கணும். 11 ஸ்பீடு (பின்சக்கரத்துல 11 பல்சக்கரம்) லிங்க் 10 ஸ்பீடு செயின்ல சரியா உட்காராது.

அல்சூர்வாசி:
பத்துப் பேர் போகிறோம், ஒருவரிடம் கட்டர் இருந்தால் ஆயிற்று.

மலைமிதி:
அவர் முதல் ஆளா மேலே போய்ட்டா? மலையில குழு சிதறிடும் அண்ணா. கட்டர் கடைசியா வர்றவர் பையில இருக்கணும். அவருக்கு அதைப் பயன்படுத்தவும் தெரியணும். வீட்டுல ஒரு தடவைகூடப் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டாதவர்கிட்ட எந்த டூல் இருந்தும் பயனில்லை.

அல்சூர்வாசி:
கட்டர் கடைசி ஆளிடம், ஒப்புக்கொள்கிறேன். அடாப்டரும் வாங்குகிறேன். பம்ப் மட்டும் வேண்டாம், குப்பி இரண்டாக எடுத்துக்கொள்கிறேன்.

காக்ஸ்டவுன்_அக்கா:
மூணாவது பஞ்சருக்கு என்ன பண்ணுவீங்க தம்பி? நான் பம்ப் கொண்டு வர்றேன், என் பின்னாடியே வாங்க.