புதுப்பிப்பு: ஈட்டியோடு துப்பாக்கிக்காரனை எதிர்க்கும் அந்தப் படம்

1958-இல் வந்த 'டெரர் இன் எ டெக்சஸ் டவுன்' என்ற ஹாலிவுட் கவ்பாய் படம் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, எண்ணெய் கிடைக்கும் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட அப்பாவுக்கு நியாயம் கேட்டு ஸ்வீடன்காரக் கப்பலோடி திமிங்கில வேட்டை ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் கதை. அந்தப் பதிவின் கீழே சிலர் கேட்டது, கதை எழுதியதாகப் பெயர் வரும் பென் பெர்ரி யார் என்று.

சரி, அது பினாமி. உண்மையில் எழுதியவர் ஹாலிவுட் திரைக்கதையாளர் டால்டன் ட்ரம்போ. கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி ஸ்டுடியோக்கள் ஒதுக்கிவைத்ததால் சொந்தப் பெயரைப் போட முடியாத நிலை. அடியாள் ஜானி கிரேலாக வரும் நெட்ரிக் யங்கும் அதே கறுப்புப் பட்டியல்தான். ஹீரோ ஸ்டெர்லிங் ஹேடனோ 1951-இல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் போய்ச் சக கலைஞர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, பிறகு அதற்காக வெளிப்படையாக வருந்தியவர். இது தெரிந்தபின் மறுபடி பார்த்தேன். ஊரே பயந்து வாயை மூடிக்கொள்ளும் காட்சிகள் வேறு மாதிரி உறைக்கின்றன.

காசில்லாத படம் என்பது செட்டைப் பார்த்தாலே தெரியும், தெருவில் ஆள் நடமாட்டமே கம்மி. ஆனால் இயக்குநர் ஜோசப் ஹெச். லூயிஸ் கடைசி மோதலை முதலிலேயே காட்டிவிட்டுக் கதையைப் பின்னால் இழுக்கிறார், அப்புறம் கிரேலின் வலது கை இரும்புக் கை, சுடுவது இடது கையால், யங் அதை அலட்டாமல் செய்திருக்கிறார். எனக்கு ஹீரோவைவிட அவரைத்தான் பிடித்தது. ஹேடனின் ஸ்வீடிஷ் உச்சரிப்பு மட்டும் இப்போதும் சகிக்கவில்லை.