பழைய கதவில் கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை: அனுபவப் பகிர்வு

கும்பகோணத்திலிருந்து:

அரசலாற்றங்கரையில் தாத்தா கட்டிய எங்கள் ஓட்டு வீட்டைப் போன சித்திரையில் பிரிக்க வேண்டியதாயிற்று. ஓடும் செங்கல்லும் பிரித்தவர் கணக்கில் போயின. மரச் சாமான்களை மட்டும் விற்க மனம் வராமல், மாட்டுக் கொட்டகையில் செங்கல் அடுக்கி அதன்மேல் கிடத்தித் தார்ப்பாய் போர்த்தி வைத்தோம். கும்பகோணத்தில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஆறுக்கு ஆறரை அடிக் கட்டில் ஒன்று தலைமாட்டுப் பலகை இல்லாமல் இருந்தது. தலையணை சுவரில் உராய்ந்து உறையில் எந்நேரமும் சுண்ணாம்பு ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறும்போது பூசண வாடையும் சேர்ந்துகொண்டது. ஹெட்போர்டை மட்டும் தனியாகச் செய்து தர ஒரு கடையில் 14,000 ரூபாய் கேட்டார்கள். கொட்டகையில் கிடந்த கதவுகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

முதலில் அம்மாவிடம் கேட்டேன். வாசற்கதவையும் வாசக்காலையும் படுக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது, அது மகாலட்சுமி குடியிருந்த இடம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆகவே கூடத்தை ஒட்டிய நெல் அறையின் இரட்டைக் கதவில் ஒன்றையும், அந்த அறையின் நிலைக்கால்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். கதவு ஆறடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட தேக்குப் பலகைக் கதவு. நிலைக்கால்கள் நான்குக்கு மூன்று அங்குலப் பூவரசு.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வேலை செய்யும் ஆசாரி அந்தக் கதவைச் சோதித்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய மரம் வாங்கும் எவருக்கும் பயன்படக்கூடியது அதுதான். அவர் அளவு நாடாவை எடுக்கவே இல்லை. கதவைத் தரையில் கிடத்தி, உளியின் பிடியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார்; கணீரென்று கேட்ட இடங்களை விட்டுவிட்டு, ஓசை அமுங்கிய இடங்களில் மட்டும் சாக்பீஸால் கோடு போட்டார். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த கீழ்முனையில் நான்கு விரற்கடை தூரத்துக்குக் கோணூசியை அழுத்தியதும் அது பாதி வரை இறங்கியது. பிறகு பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத் துண்டொன்றை நூலில் கட்டி மரத்தின் மேல் மெல்ல நகர்த்தினார். நூல் சாய்ந்த இடத்திலெல்லாம் தலை ஒடிந்த ஆணி புதைந்திருந்தது. மொத்தம் ஏழு ஆணிகள். “ஆணி இருக்கறது தெரியாம இழைப்புளிய ஓட்டினா அலகு போயிடும் தம்பி” என்றார்.

உளுத்த கீழ்முனையை அறுத்ததும் நீளம் ஐந்தடி ஒன்பது அங்குலமாகக் குறைந்தது. கட்டிலின் வெளி அகலத்துக்கு இது போதாதே என்று நான் கவலைப்பட்டேன். ஆசாரி நிலைக்கால்களைப் புரட்டிக் காட்டினார். கதவு வந்து அடைவதற்காக வெட்டிய காடி, அதாவது நீளப் பள்ளம், அவற்றில் ஏற்கெனவே இருந்தது. படுக்க வைத்த கதவின் இரு முனைகளையும் அந்தக் காடிகளில் பொருத்தி, நிலைக்கால்களையே மூன்றரை அடி உயரக் கால்களாக நிறுத்தினால் மொத்த அகலம் கட்டிலுக்குச் சரியாக வந்துவிடுகிறது. மெத்தையின் மேற்பரப்பு தரையிலிருந்து இரண்டடி உயரம். அதற்குமேல் கதவின் ஒன்றரை அடியும் முழுதாகத் தெரியும். புதிதாக எந்தப் பொருத்தும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. கதவையும் அது நின்ற நிலையையும் பிரிக்காமல் சேர்த்தே எடுத்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பழைய வண்ணத்தை எடுப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. எங்கள் கதவில் பச்சை எனாமல் மூன்று பூச்சாவது இருந்திருக்கும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். ஆகையால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், ஊதுவிளக்கால் கருக்கிச் சுரண்டுவதும் கூடவே கூடாது. நாங்கள் பெயின்ட் ரிமூவர் தடவி, வண்ணம் கொப்பளித்த பின் தகட்டால் வழித்தெடுத்து, மிச்சத்தை ஈர உப்புத்தாளால் தேய்த்தோம். வழித்ததையெல்லாம் பழைய பெயின்ட் டப்பாவில் மூடி வைத்தோம். முகக்கவசமும் கையுறையும் அணிந்து திறந்த கொல்லையில் செய்தோம். அந்த இரண்டு நாளும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. தங்கை கர்ப்பமாக இருந்ததால் அவளை அத்தை வீட்டுக்கே அனுப்பிவிட்டோம்.

பச்சை போனதும் உள்ளிருந்து தேன் நிறத்தில் வைரம் பாய்ந்த தேக்கு வெளிப்பட்டது. நாதாங்கி இருந்த இடத்தைச் சுற்றி, தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு மழமழவென்று ஆன ஓர் உள்ளங்கை அகலப் பள்ளம் தெரிந்தது. ஆசாரி அதையும் இழைத்துச் சமன் செய்யலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். இன்று படுத்தபடி கையைத் தூக்கினால் விரல்கள் அங்கேதான் போய் நிற்கின்றன.

ஆசாரிக்கு ஒன்றரை நாள் கூலி 1,800 ரூபாய். போல்ட், உப்புத்தாள், ரிமூவர், பாலிஷ் எல்லாம் சேர்ந்து 1,350. மொத்தம் 3,150 ரூபாயில் முடிந்தது.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். கைபேசியும் கண்ணாடியும் வைக்க மேலே ஒரு தட்டு வேண்டுமென்று, பழைய மரக்கடை ஒன்றில் மாம்பலகை வாங்கினேன். கருப்பு பாலிஷ் போட்டிருந்தார்கள். நானும் தட்டிப் பார்க்காமல் எடுத்து வந்தேன். இரண்டு மாதம் கழித்துத் தலையணை மேல் கோதுமை மாவு போன்ற தூள் தினமும் கொட்டத் தொடங்கியது. பாலிஷைச் சுரண்டியபோது குண்டூசித் துளைகள் வரிசையாக இருந்தன. அவற்றை மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்திருந்தார்கள். மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டின் வேலை அது. இந்த வண்டு, வைரத்துக்கு வெளியே இருக்கும் வெளுப்புப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தின்று வாழ்வது. மாம்பலகையில் பெரும்பகுதி அப்படிப்பட்ட மரம்தான். தேக்கின் வைரத்தில் அது ஏறுவதில்லை. பலகையை அன்றே கழற்றி அடுப்பில் வைத்துவிட்டோம். பூவரசங்கால்களின் ஓரத்தில் சிறிது வெளுப்பு இருந்ததால், பாலிஷைச் சுரண்டி, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரை இரண்டு முறை தடவி, நன்றாக உலர்ந்த பிறகு மறுபடி பாலிஷ் போட்டோம். இந்தக் கரைசல் வெறும் மரத்தில்தான் உள்ளே இறங்கும், பூச்சின் மேல் தடவிப் பயனில்லை. மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் ஊரில் உண்டு. படுக்கையறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேராவூரணியிலிருந்து:

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுத் தலைமாட்டைப் பற்றி எழுதத் தோன்றியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் நின்ற தென்னைகளில் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டன. அப்பா நட்டு வளர்த்த மரங்கள். ஏற்றிச் செல்ல வந்தவர்கள் கேட்ட விலையைச் சொல்லவே மனம் கூசுகிறது. அவற்றில் வயது முதிர்ந்த ஆறு மரங்களின் அடிப்பகுதியை மட்டும் அறுவை ஆலைக்குக் கொண்டுபோய்ப் பலகையாக்கினோம். தென்னையில் வெளிவட்டம்தான் கெட்டி. நடுப்பகுதி பஞ்சு போல இருக்கும், மேலே போகப் போக இன்னும் மென்மை. ஆகவே அடிமரத்தின் வெளிப்பட்டையை ஒட்டிய பலகைகளை மட்டும் கட்டிலுக்கு எடுத்தோம். சாய்ந்த சில வாரங்களுக்குள் அறுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காய வைத்தோம். ஈரத்தோடு தரையில் விட்டிருந்த பக்கத்துத் தோப்பு மரங்கள் வெகு விரைவில் மக்கிப்போயின.

ஆணியை நேரடியாக அடித்தால் பிளந்துவிடும், துளையிட்டுத்தான் திருகாணி போட வேண்டும். சிராய் ஏறினால் கடுமையாகக் கடுக்கும் என்பதால் மூன்று தர உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். கரும்பழுப்பு வரிகள் தெரியும் அந்தப் பலகைக்கு வார்னிஷ் மட்டும் போதுமானதாக இருந்தது. அப்பா இப்போது இல்லை. அம்மா அந்தக் கட்டிலில்தான் படுக்கிறார்கள்.

காரைக்காலிலிருந்து:

எங்களிடம் பழைய கதவெல்லாம் கிடையாது. துறைமுகப் பக்கம் சரக்கு வந்திறங்கும் மரத்தட்டுகளை விலைக்கு வாங்கித்தான் செய்தேன். வாங்குவோர் ஒன்றைப் பார்க்க வேண்டும். பன்னாட்டுச் சரக்குத் தட்டுகளில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கும். அதன் அருகில் எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. இரண்டாவதைப் படுக்கையறைக்குள் கொண்டுவராதீர்கள். எண்ணெயோ மருந்தோ சிந்திய கறை உள்ளதையும் தள்ளிவிடுங்கள். மற்றபடி பலகைகளைக் கழற்றி, இழைத்து, இரு குறுக்குச் சட்டங்களில் திருகியது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

தஞ்சாவூரிலிருந்து:

வணக்கம். நான் மரவேலை அறியாதவள். வீட்டு அலமாரி வேலையில் மிஞ்சிய பிளைவுட் துண்டின் மேல் பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காய வைத்துப் பரப்பி, கிழிந்துபோன என் கூறைப்புடவையின் நல்ல பகுதியை இழுத்துப் பின்புறம் ஸ்டேப்ளரால் அடித்தேன். பஞ்சு கீழே சரியாமல் இருக்க, கோணூசியால் சதுரம் சதுரமாகத் தைத்துப் பொத்தான் வைத்தேன். பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஆனால் எங்களுடையது மேலவீதிப் பக்கம் உள்ள மிகப் பழைய வீடு, சுண்ணாம்புச் சாந்துச் சுவர். பிளக் அடித்த இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்கிறது. சுவரில் எப்படி நிறுத்துவது என்று கும்பகோணத்து அண்ணன் சொன்னால் உதவியாக இருக்கும்.

கும்பகோணத்திலிருந்து:

சகோதரி, அந்தச் சுவரில் தொங்கவிட முயல வேண்டாம். உங்கள் பிளைவுட்டின் பின்புறம் இரண்டு மரக்கால்களைத் திருகி, அவற்றைக் கட்டிலின் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைத்துவிடுங்கள். பாரம் முழுதும் கட்டிலின் மேல் இருக்கும், சுவருக்கு வேலையே இல்லை. சுவருக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குலம் விடுங்கள். நம் களிமண் நீரைப் பிடித்து வைக்கும், பழைய சுவரின் செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். காற்று போக வழியில்லாவிட்டால் உங்கள் பட்டும் பஞ்சும் முதல் மழையிலேயே பூசணம் பிடித்துவிடும். கால்களுக்கு அடியில் நான் பழைய டயரில் வெட்டிய துண்டுகளை வைத்திருக்கிறேன்.

கதவையோ பலகையையோ கால்களில் பொருத்துகிறவர்களுக்கு இன்னொன்று. மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. படுக்க வைத்த கதவின் அகலம் இப்போது உயரமாகிவிட்டதால், நடு போல்ட்டை மட்டும் இறுக்கி, மேல் கீழ்த் துளைகளை மேலும் கீழுமாக நீட்டி வெட்டச் செய்தார் ஆசாரி. ஆடியில் பொருத்தியபோது மேல் போல்ட் துளையின் நடுவில் நின்றது. கார்த்திகை அடைமழையில் பார்த்தேன், ஒரு நூல் அளவு மேலே ஏறியிருந்தது. மாசி வெயிலில் மறுபடி நடுவுக்கே வந்துவிட்டது. பலகையில் விரிசல் ஏதும் இல்லை.