தனியா கார் எடுத்துட்டு சின்ன ரோடு வழியா சொந்தக்காரங்கள பாக்கப் போறேன், யோசனை சொல்லுங்க

ஜன்னல்சீட்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்த விஷயம், இந்த தடவை லீவு கிடைச்சிருக்கு அதனால கிளம்பியே ஆகணும்னு இருக்கேன். அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டுலயும் சொந்தம் ஆளுக்கொரு மூலையில கிடக்கு, பெரியப்பா ஒரு திசை, அத்தை ஒரு திசை, அம்மாவோட சித்தி இன்னொரு திசை, அவங்க பசங்கல்லாம் இப்ப நேர்ல பாத்தா அடையாளம் தெரியுமான்னே சந்தேகம். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல குட்மார்னிங் படத்த தவிர ஒரு பேச்சும் கிடையாது. கார்ல தனியா கிளம்பி ஒவ்வொருத்தரையா பாத்துட்டு வரலாம்னு பிளான். ஹைவேல போனா வேற ஒண்ணும் கண்ணுல படாது, அதனால முடிஞ்ச வரைக்கும் சின்ன ரோடாவே பிடிச்சு போகணும்னு ஆசை.

சிக்னல் இல்லாத இடத்துல வழி எப்படி பாக்கறது, தனியா ஓட்டும்போது எதெல்லாம் கவனிக்கணும், இந்த ரெண்டுக்கும் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. ஆனா நிஜமான தயக்கம் வேற. இத்தனை வருஷம் ஒரு போன் கூட பண்ணாம இப்ப போய் வாசல்ல நின்னா என்ன நினைப்பாங்க? ஏதோ காரியமா வந்திருக்கு, கடன் கேக்கும் போலன்னு நினைச்சுடுவாங்களோன்னு இருக்கு. இதுல பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் பழைய மனஸ்தாபம் வேற, பேச்சுவார்த்தையே இல்ல.

மண்ரோடு:

தம்பி நல்ல பிளான். ரோடு பத்தி மட்டும் நான் சொல்றேன், சொந்தக்காரங்க விஷயத்துல நான் வீக்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ, ஜிபிஎஸ்க்கு நெட் தேவையே இல்ல. சாட்டிலைட்ல இருந்து வர்ற சிக்னல வச்சு போன் தானே இடத்த கணக்கு போட்டுக்கும், நெட் போனா காணாம போறது மேப் படம்தான். அதனால வைஃபை இருக்கும்போதே போற ஏரியா மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோ. கூகுள் மேப்ஸ்ல ஆஃப்லைன் வசதி இருக்கு ஆனா அதுல டிராஃபிக் நிலவரம் வராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (பொதுமக்களே சேந்து போடுற இலவச மேப்) தகவல வச்சு ஓடுற ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் மாதிரி ஒரு ஆப்பையும் சேத்து போட்டுக்கோ, மண்பாதை, தார் ரோடுன்னு பிரிச்சு காட்டுற இடங்கள் அதுல நிறைய உண்டு. ஹைவேய தவிர்க்கச் சொல்லி ஒரு பட்டன் இருக்குல்ல, அத மட்டும் தட்டி விட்டுட்டு நிம்மதியா கிளம்பிடாத, அது சமயத்துல ஆள் நடமாட்டமே இல்லாத தடத்துல கொண்டு போய் விடும். முந்தின நாள் சாட்டிலைட் வியூல அந்த வழிய ஒரு தடவை விரலால தள்ளி தள்ளி பாத்துடு, கார் போற அகலம் இருக்கா, நடுவுல ஆறு குறுக்க வருதா, பாலம் இருக்கான்னு. எங்க எங்க திரும்பணும்னு ஒரு பேப்பர்லயும் எழுதி வச்சுக்கோ, போன் சூடாகி ஆஃப் ஆனா அதுதான் கை கொடுக்கும்.

அடுத்து டயர். ஸ்டெப்னி இருக்கான்னு டிக்கிய திறந்து பாரு, சிரிக்காத, இப்ப வர்ற நிறைய காருக்கு ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட் ஒண்ணு கொடுத்து அனுப்பிடுறாங்க. ஆணி குத்தின ஓட்டைன்னா அது அடைக்கும், கல்லு கிழிச்சு டயரோட பக்கவாட்டுல கிழிசல் விழுந்தா அது பிரயோஜனமே இல்ல, சின்ன ரோட்டுல அந்த ரெண்டாவது ரகமும் நடக்கும். ஸ்டெப்னி இருந்தா அதுலயும் காத்து செக் பண்ணு. காத்து அளவு எப்பவும் வண்டி ஓடாம டயர் குளுந்து இருக்கும்போது பாக்கணும். எரிபொருள் பாதி டேங்க் வந்தாலே அடுத்த பங்க்ல நிரப்பிடு.

ரோட்டுக்கு மேல தண்ணி ஓடுதுன்னா மட்டும் தயவு செஞ்சு இறங்காத. ஒரு அடி ஓடுற தண்ணி போதும் சாதாரண கார இழுத்துட்டு போக, ரெண்டு அடின்னா எஸ்யூவியவே தள்ளிடும். முன்னாடி ஒரு வண்டி போச்சேன்னு நம்பி போறவங்கதான் அதிகம் மாட்றாங்க. திரும்பி வந்து சுத்து வழில போ.

ஜன்னல்சீட்:

ரொம்ப நன்றி சார், எல்லாம் நோட் பண்ணிக்கிட்டேன். ஒரு சின்ன திருத்தம், தம்பி இல்ல தங்கச்சி :)

மண்ரோடு:

அடடா, சரிம்மா. டயர் கதைல மாத்தம் ஒண்ணும் இல்ல.

பழைய_ஆல்பம்:

வாசல்ல போய் நின்னா என்ன நினைப்பாங்கன்ற அந்த தயக்கத்துக்கு நான் வர்றேன், ஏன்னா பாதி பேர் கிளம்பாம இருக்கறதே அதனாலதான். பெக்கி லியூன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் 2022ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 13 சோதனை, 5,900 பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க. தொடர்பு விட்டுப்போனவங்கள நாம தேடிப் பேசும்போது அவங்க எவ்ளோ சந்தோஷப்படுவாங்கன்றத நாம எப்பவும் குறைச்சுத்தான் கணிக்கிறோம்னு அதுல வந்துச்சு. இன்னொண்ணு, எதிர்பாக்காம வந்த விசாரிப்புன்னா எதிர்ல இருக்கறவங்களுக்கு மதிப்பு இன்னும் கூடுதாம். அதாவது நீங்க பயப்படுற அந்த 'திடீர்னு' தான் அவங்களுக்கு பிடிக்கிற விஷயமே. ஆனா இத வச்சு சொல்லாம கொள்ளாம போய் நிக்காதீங்க, அந்த ஆய்வு போன், மெசேஜ் மாதிரி சின்ன விசாரிப்ப பத்தினது, ராத்திரி எட்டு மணிக்கு பெட்டியோட வர்ற ஆள பத்தினது இல்ல. முதல்ல போன்ல பேசுங்க, முதல் வாக்கியத்துலயே "ஒரு காரியமும் இல்ல, உங்கள பாக்கணும் போல இருந்துச்சு"ன்னு சொல்லிடுங்க, கடன் சந்தேகம் அங்கயே செத்துடும்.

யார் வீட்டுக்கு முதல்ல போறதுன்றத மேப் முடிவு பண்ண விடாதீங்க. வட்டம் அழகா வருதுன்னு வயசானவங்கள கடைசில வைப்பாங்க, அதுக்குள்ள லீவு தீந்துடும், இல்ல வண்டி படுத்துடும், அப்புறம் அடுத்த வருஷம்னு ஆயிடும். வயசுல பெரியவங்க, உடம்பு முடியாதவங்க முதல்ல. டீசல் கூட செலவானா ஆகட்டும். ஞாபக மறதி இருக்குறவங்கன்னா காலைல போங்க, சாயங்காலம் ஆக ஆக அவங்களுக்கு குழப்பம் கூடறது உண்டு.

பெரியப்பா அத்தை விஷயம்: ரெண்டு பேர்கிட்டயும் போன்லயே இன்னொருத்தர் வீட்டுக்கும் போறேன்னு சொல்லிடுங்க. மறைச்சு போய் பின்னாடி தெரிஞ்சா நீங்க ஒரு கட்சி ஆயிடுவீங்க. "அவன் என்ன சொன்னான்"னு கேட்டா "நல்லா இருக்காங்க" அதோட நிறுத்திக்கணும், சமாதானம் பேசி வைக்கிற வேலைய இந்த டிரிப்ல எடுத்துக்காதீங்க, ப்ளீஸ்.

பழைய போட்டோ நாலஞ்சு கைல எடுத்துட்டு போங்க. "உங்க சின்ன வயசு பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா "என்னத்த சொல்ல"ன்னுதான் பதில் வரும், போட்டோவ கைல கொடுத்து இது யாருன்னு கேட்டா தானா கொட்டும். பின்பக்கம் பேர் எழுதறதா இருந்தா மெல்லிசா பென்சில்ல எழுதுங்க, பால்பாயிண்ட் பேனா அழுத்தினா முன்பக்கம் தடம் விழும். அவங்க ஆல்பத்துல பசை தாள்ல ஒட்டியிருக்கற போட்டோவ பிச்சு எடுக்காதீங்க, அப்படியே வச்சு ஜன்னல் வெளிச்சத்துல ஃபிளாஷ் இல்லாம போன்லயே எடுத்துக்கலாம். பேச்ச ரெக்கார்ட் பண்றதா இருந்தா கேட்டுட்டு பண்ணுங்க, ஏரோபிளேன் மோட்ல போடுங்க (நடுவுல கால் வந்தா சில போன்ல ரெக்கார்டிங் நின்னுடும்), டிவிய அணைக்க சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட்:

மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்காங்க, ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல செய்யலாம்னு நினைச்சுடாதீங்க. சின்ன ரோடுன்னா மேப் காட்டற நேரத்துக்கு மேல பாதி சேத்துக்கணும், வழில நின்னு பாக்கணும்னுதானே அந்த ரோட்ட பிடிக்கிறீங்க, ஆனா அங்க அத்தை மதியத்துல இருந்து வாசல பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. அப்ப என்ன ஆகும், நீங்க ரோட்டையும் அனுபவிக்க மாட்டீங்க, வேகமா ஓட்டுவீங்க, போய் சேரும்போது பேச தெம்பு இருக்காது. ஓட்டுற நாள் வேற, பாக்குற நாள் வேறன்னு பிரிச்சுடுங்க. சாயங்காலமே அவங்க வீட்டுக்கு கொஞ்சம் முன்னாடி எங்கயாவது ரூம் போட்டு தூங்கிட்டு காலைல ஃப்ரெஷ்ஷா போங்க. வீட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு ரூம் எதுக்குன்னு கோவிச்சுப்பாங்கதான், பரவால்ல, அது ஒரு நாள் கோவம்.

தூக்கம் பத்தி ஒண்ணு. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா கையும் கண்ணும் வேலை செய்யறது ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு இறங்கிடும்னு 1997லயே நேச்சர் இதழ்ல வந்துச்சு, நிறைய நாட்டுல போலீஸ் பிடிக்கிற அளவே அதுதான். விடியக்காலைல கிளம்பி ராத்திரி வரைக்கும் கதை பேசிட்டு திரும்பி ஓட்டுற ஆளுக்கு அந்த 17 மணி நேரம் சுலபமா வந்துடும். 60 கிலோமீட்டர் வேகத்துல மூணு செகண்ட் கண்ணு அசந்தா வண்டி 50 மீட்டர் தானா போயிருக்கும். பாட்டு, ஜன்னல் காத்து எல்லாம் சும்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் நிறுத்துங்க, கண்ணு சொக்கினா ஒரு காபி குடிச்ச கையோட 15, 20 நிமிஷம் சீட்ட சாச்சு தூங்குங்க, காஃபின் வேலை செய்ய ஆரம்பிக்கவும் நீங்க எழுந்திரிக்கவும் சரியா இருக்கும். மதியம் 2ல இருந்து 4 வரைக்கும் உடம்பே தூங்க கேக்கும், அந்த நேரத்துல நீளமான ரோட்ட வைக்காதீங்க.

ஜன்னல்சீட்:

பிரிச்சு வைக்கிற ஐடியா சூப்பர், அப்படியே பண்றேன். அம்மாவோட சித்திக்கு இன்னிக்கே போன் போட்டேன், யாருன்னு புரிய வைக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு, புரிஞ்சதும் "எப்ப வர்ற"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. கடைசியா ஒண்ணு, வீட்டுல நான் தனியா போறத நினைச்சு பயப்படுறாங்க, சிக்னல் இல்லாத இடத்துல வண்டி நின்னா என்ன பண்றது?

மண்ரோடு:

நிதானமான ஒரு ஆள்கிட்ட தினமும் காலைல அன்னிக்கு போற வழிய அனுப்பிடும்மா, எத்தனை மணிக்குள்ள போன் வரணும், வரலைன்னா அவங்க யாருக்கு பேசணும்னும் இப்பவே முடிவு பண்ணிக்கோ. உங்க அம்மாவ அந்த ஆளா வைக்காத, அரை மணி லேட்டானா ஊரையே கூட்டிடுவாங்க. ஐபோன் 14ல இருந்து வந்த மாடல்னா சாட்டிலைட் வழியா எமர்ஜென்சி எஸ்ஓஎஸ் (அவசர உதவி கேக்குற மெசேஜ்) அனுப்பலாம் ஆனா எல்லா நாட்டுலயும் கிடையாது, உங்க பக்கம் இருக்கான்னு பாத்துக்கோ. வண்டி நின்னுட்டா வண்டிய விட்டு தூரம் நடக்காத, தேடி வர்றவங்களுக்கு ஆள விட கார்தான் சுலபமா கண்ணுல படும். தண்ணி, டார்ச், பவர்பேங்க் மூணும் டிக்கில போடாம உக்கார்ற சீட்டுக்கு பக்கத்துல வை.