ட்விலைட் வாசகர்கள் லா புஷ் போகலாமா, ஃபோர்க்ஸோடு திரும்பிவிட வேண்டுமா?

மழைமேகம்:
செப்டம்பரில் தங்கையோடு வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ‘ட்விலைட்’ என்ற ரத்தக்காட்டேரிக் காதல் நாவலின் கதை நடப்பது அந்த ஊரில்தான். நாயகி பெல்லாவின் பிறந்தநாளை ஒட்டி வாசகர்களுக்காக அங்கே வருடாவருடம் விழா நடக்கிறது. அப்படியே பக்கத்தில் இருக்கும் லா புஷ்ஷையும், அதாவது கதையில் ஓநாயாக மாறும் பழங்குடிப் பையன் ஜேக்கப்பின் ஊரையும், பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. இதைச் சொன்னதும் ஒரு தோழி, “பழங்குடி மக்கள் குடியிருக்கிற இடத்தை வேடிக்கை பார்க்கப் போகிறாயா?” என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. போவது தப்பா?

சியாட்டில்வாசி:
தப்பே இல்லை, தாராளமாகப் போங்கள். நான் போயிருக்கிறேன். ஃபோர்க்ஸ் மரம் வெட்டிப் பிழைத்த ஊர். 1990இல் புள்ளி ஆந்தையை அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அது வாழும் அரசுக் காடுகளில் மரம் வெட்டுவது பெரிதும் குறைந்து, பலருக்கு வேலை போனது. 2005இல் நாவல் வந்தது, 2008இல் படம். அதுவரை மழைக்காட்டுக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட நின்றவர்கள் அப்புறம் ஊரைப் பார்க்கவே வந்தார்கள். 2010இல் மட்டும் ஊரின் சுற்றுலாத் தகவல் மையத்துக்கு 70,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் ஊர் ஜனத்தொகை நாலாயிரத்தைத் தொடாது. மையத்தின் வாசலில் பெல்லாவின் சிவப்பு ட்ரக் நிற்கும். லா புஷ் போகிற சாலையில் ‘ரத்தக்காட்டேரிகள் இதைத் தாண்டக் கூடாது’ என்று ஒரு எல்லைப் பலகைகூட உண்டு. ஒரு நாவல் ஊருக்கே சோறு போட்டிருக்கிறது. இதில் குற்ற உணர்ச்சி எதற்கு?

கரையோரன்:
ஃபோர்க்ஸ் கதையை லா புஷ் தலையில் கட்டாதீர்கள் நண்பரே. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. நாவலில் வரும் ரத்தக்காட்டேரிகளான கல்லன் குடும்பம் கற்பனை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் லா புஷ்ஷில் வாழும் குவிலியூட் பழங்குடி மக்கள் நிஜம். அமெரிக்காவில் மழை அதிகம் பெய்யும் ஊர் எது என்று இணையத்தில் தேடித்தான் எழுத்தாளர் ஃபோர்க்ஸைப் பிடித்தார். எழுத ஆரம்பித்தபோது அந்த ஊரை அவர் பார்த்ததுகூட இல்லை. பக்கத்தில் இருந்த பழங்குடியைப் பெயரோடு எடுத்துக் கதையில் போட்டுக்கொண்டார். அப்புறம் அந்தப் பெயரைப் போட்டு நகை, சட்டை என்று யார் யாரோ விற்றார்கள். சொந்தக்காரர்களுக்கு அதில் ஒன்றும் வரவில்லை என்று ஆஞ்சலா ரைலி என்ற சட்டப் பேராசிரியர் 2010இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஒரு இணைய நிறுவனத்தின் ஆட்கள் அனுமதி கேட்காமல் லா புஷ் கல்லறைத் தோட்டத்தில் புகுந்து படம்பிடித்து, திகில் இசை சேர்த்து வெளியிட்டார்கள். பழங்குடியினர் கண்டித்த பிறகுதான் அதை எடுத்தார்கள். உங்கள் அப்பா, தாத்தா படுத்திருக்கும் இடத்தில் யாராவது இப்படிச் செய்தால் சும்மா இருப்பீர்களா?

இரவல்வாசகி:
கரையோரன் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1889இல் அவர்களுக்கு ஒதுக்கிய நிலம் சுமார் ஒரு சதுர மைல், அவ்வளவுதான். அதே வருடம் எல்லாரும் ஹாப்ஸ் (பீர் காய்ச்சப் பயன்படும் பூ) பறிக்கும் கூலி வேலைக்கு வெளியூர் போயிருந்தபோது, அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடிய வெள்ளைக்காரக் குடியேறி ஒருவர் ஊருக்கே தீ வைத்தார். 26 வீடுகள் சாம்பல். தலைமுறை தலைமுறையாக வந்த முகமூடிகள், வேட்டைக் கருவிகள், கூடைகள் எல்லாம் அதோடு போயின. நாவலில் அவர்களுக்கு இருக்கும் ஒரே பிரச்சினை ரத்தக்காட்டேரிதான்!

ஓநாய் விஷயம் மட்டும் முழுப் பொய்யில்லை. குவாட்டி என்பவர் ஓநாய்களை மனிதர்களாக மாற்றினார், அவர்களிடமிருந்து வந்தவர்கள்தான் தாங்கள் என்பது குவிலியூட் மக்களின் தோற்றக் கதை. கோபம் வந்தால் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓநாயாவது எழுத்தாளரின் சரக்கு.

சியாட்டில்வாசி:
இதையெல்லாம் யார் மறுத்தார்கள்? ஆனால் லா புஷ்ஷில் கடலைப் பார்த்தபடி இருக்கும் விடுதி குவிலியூட் பழங்குடிக்கே சொந்தம். அங்கே தங்கினால் காசு அவர்களுக்குத்தான் போகும். ஜூலையில் குவிலியூட் டேஸ் என்று துடுப்புப் படகுப் போட்டி, சால்மன் விருந்தோடு விழா நடத்துகிறார்கள், வெளியாட்களும் வரலாம். ஏப்ரலில் திமிங்கிலங்களை வரவேற்கும் சடங்குக்கும் அழைக்கிறார்கள். வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 2020இல் கோவிட் வந்தபோது வெளியாட்கள் வரவே கூடாது என்று ஊரை மூடினார்கள். மூட வேண்டும் என்றால் அவர்களுக்கு மூடத் தெரியும். திறந்து வைத்திருக்கும் வாசலில் நின்றுகொண்டு ‘போகாதே’ என்று சொல்ல நீங்கள் யார்?

இன்னொன்று. லா புஷ் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர், சுனாமி வந்தால் போய்விடும். பள்ளிக்கூடமும் முன்பு அங்கேதான் இருந்தது. 2012இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு, பக்கத்திலிருக்கும் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து அவர்களுக்கு 785 ஏக்கர் கொடுத்தது. 2022இல் மேட்டில் புதுப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். ட்விலைட் புகழ் இல்லாவிட்டால் வாஷிங்டன் டி.சி.யில் யாராவது அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்களா?

கரையோரன்:
நிலத்துக்காக அவர்கள் பல பத்தாண்டுகளாகப் பூங்காவோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெருமையைக் கொண்டுபோய் ஒரு காதல் நாவலுக்குச் சூட்டுகிறீர்களே! 2011இல் ஜப்பானைச் சுனாமி அடித்ததை உலகமே பார்த்தது, அது போதாதா?

வாசல் திறந்திருக்கிறது என்கிறீர்கள், சரி. மீன்பிடிப்பையும் சுற்றுலாவையும் விட்டால் பெரிதாக வருமானம் இல்லாத ஊர். அங்கே ‘வாருங்கள்’ என்பதில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியில்லாமை எவ்வளவு என்று விடுதியில் அறை எடுத்தவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். தெரியாத இடத்தில் நான் ஒதுங்கி நிற்பேன்.

சியாட்டில்வாசி:
நீங்கள் ஒதுங்கி நின்றால் அந்த விடுதியில் ஒரு அறை காலியாக இருக்கும், அவ்வளவுதான் நடக்கும்.

இரவல்வாசகி:
மழைமேகம், படத்தில் வரும் லா புஷ் கடற்கரை லா புஷ்ஷே இல்லை, தெரியுமா? ஓரிகான் மாநிலத்தில் எக்கோலா பூங்காவில் எடுத்தது. படத்தில் பார்த்த இடம்தான் வேண்டும் என்றால் அங்கே போங்கள், யார் மனமும் நோகாது. ரியால்ட்டோ பீச்சும் நல்ல இடம். லா புஷ்ஷிலிருந்து ஆற்றுக்கு மறுகரையில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது.

மழைமேகம்:
எல்லாருக்கும் நன்றி. லா புஷ் போனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? அதையும் சொல்லிவிடுங்கள்.

சியாட்டில்வாசி:
ஃபர்ஸ்ட் பீச் பழங்குடி நிலத்தில் இருக்கிறது. பிறை மாதிரி வளைந்த கரை. ஆறு அடித்துக்கொண்டு வந்து கடல் திருப்பி எறிந்த மரங்கள் வேரோடு வெளுத்துக் கிடக்கும், சில மரங்கள் ஆள் உயரத்துக்கும் மேல். ஏறி உட்கார்ந்து படம் எடுக்கத் தோன்றும். ஏறாதீர்கள். ஒரு பெரிய அலை வந்தால் அத்தனை பெரிய மரமும் புரண்டு ஆளை நசுக்கிவிடும். ஆற்று முகத்தில் நிற்கும் பாறைத்தீவின் பெயர் அகலட். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கோட்டையாக இருந்தது, தலைவர்களை அடக்கம் செய்த இடமும் அதுதான். கரையிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். கூழாங்கல், கிளிஞ்சல் எதையும் பையில் போட வேண்டாம்.

கரையோரன்:
அங்கிருக்கும் பையன்களிடம் “நீ ஓநாயா?” என்று கேட்காமல் இருந்தால் புண்ணியம். போயே ஆக வேண்டும் என்றால் ஜூலையில் போங்கள். அது அவர்கள் தங்களுக்காக நடத்தும் விழா.

மழைமேகம்:
நானும் அதைத்தான் தங்கையிடம் சொன்னேன். பெல்லா பிறந்தநாள் இல்லாவிட்டால் தான் வரவே இல்லை என்கிறாள்.

கரையோரன்:
அப்படியானால் அவளை ஃபோர்க்ஸோடு திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சியாட்டில்வாசி:
வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள். இதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்தாலாவது தெரிந்துகொள்வாள்.